செலீனின் அடுப்பு

மொன்றியல் நகரத்துக்கு ஒரு விசர்ப் பழக்கம் உண்டு. ஊரில் முக்கால்வாசி வீட்டு ஒப்பந்தங்கள் ஒரே நாளில் முடிந்து ஒரே நாளில் தொடங்கும். ஜூலை முதலாந் திகதி. அன்றைக்கு ஒருவர் வெளியே போனால்தான் மற்றவர் உள்ளே வரலாம். நடுவில் ஒரு ஆள் அசையாமல் இருந்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் கட்டிலும் மெத்தையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்த புண்ணியவானைப் பிடித்து, அந்த வெயிலில் மூன்றாம் மாடிக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஏற்றச் சொல்ல வேண்டும்.

அந்தப் புதன்கிழமை யோகராணி அப்படித்தான் நின்றாள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு செங்கல் வீட்டின் கீழ்த்தளம். வாசற்படியில் பிள்ளையார் படம், நிறைகுடம், பிளாஸ்டிக் மாவிலை, புதுப் பானை, பால் பெட்டி. தெருவோரம் அவர்களுடைய சாமான் ஏற்றிய லொறி. வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பால் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது.

கோயில் ஐயர் கனடா நேரத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்குள் பால் பொங்கிவிட வேண்டும். ஒரு மணி தாண்டினால் இராகுகாலம். இப்போது பன்னிரண்டரை.

“யோகா, லொறிக்காரனுக்கு அடுத்த ஓட்டம் இருக்காம். சாமானை றோட்டிலை இறக்கிப்போட்டுப் போறன் எண்டு நிக்கிறான்” என்றார் அவள் கணவர் நகுலேஸ்வரன்.

“இறக்கட்டும். பால் பொங்காமல் ஒரு கரண்டியும் உள்ளுக்கை போகக்கூடாது.”

“கதவே திறக்கேல்லை. நீர் கரண்டியைப் பற்றிக் கதைக்கிறீர்.”

யோகராணி நிறைகுடத்தை நேராக்கி வைத்தாள். இந்த விசயத்தில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். இதற்கு முன் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோன அன்று லொறி பிந்தி வந்து, பால் இராகுகாலத்தில்தான் பொங்கியது. அந்த மாரியிலேயே நகுலேஸ்வரன் பனி அள்ளப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்தார். டொக்டர் இரத்தக்குழாய் அடைப்பு என்றார். யோகராணி பால் என்றாள். டொக்டர் சொன்னதற்கு சத்திரசிகிச்சை நடந்து முடிந்தது. இவள் சொன்னதற்கு மட்டும் இன்னும் பரிகாரம் இல்லை. இனிமேல் படி ஏறக்கூடாது என்றதால்தான் அலைந்து திரிந்து இந்தக் கீழ்வீட்டைப் பிடித்தார்கள். இந்த முறையும் பிசகினால் மனுசன் தப்ப மாட்டார். அப்படித்தான் அவள் நம்பினாள். அதை அவரிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உள்ளே பூட்டிக்கொண்டிருந்தது ஒரு எதிரி என்றால் விசயம் சுலபம். கதவில் இரண்டு தட்டுத் தட்டி, நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். உள்ளே இருந்தது செலீன்.

சித்திரையில் வீடு பார்க்க வந்த அன்றுதான் பழக்கம். எழுபது தாண்டிய வெள்ளைக்காரி, தனி ஆள். வீட்டுச் சொந்தக்காரன் குசினியை அரைக் கண்ணால் காட்டிவிட்டு அவசரப்படுத்த, செலீன் அவனைச் சட்டை செய்யாமல் யோகராணியை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தாள். கூடவே சீனியும் கிறீமும் காய்ச்சி வெட்டிய ஒரு இனிப்பு. யோகராணி வாயில் போட்டதும் திகைத்துப்போனாள். அச்சு அசலாக வீட்டில் கிண்டுகிற பால்ரொபி. அடுத்த கிழமை திரைச்சீலைக்கு அளவெடுக்கிற சாட்டில் வடை கொண்டுபோனாள். செலீன் ஒரு கடி கடித்து, இருமி, கண்ணீர் விட்டு, தண்ணீர் குடித்து, இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகு அளவெடுக்காத சன்னலே அந்த வீட்டில் இல்லை. ஆனி மாதம் கெபெக்காரரின் சென்-ஜான் திருநாளுக்கு, பின் ஒழுங்கையில் அயலவர் எல்லோரும் மேசை போட்டுச் சாப்பிட்டபோது, செலீன் இவர்கள் இருவரையும் தன் பக்கத்திலேயே இருத்தினாள்.

“என்ர வீட்டுக்கு வரப்போற ஆக்கள்” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள். யோகராணிக்கு அது மனதுக்குள் இனித்தது. பதிலுக்கு அவள் செலீனைப் பால் காய்ச்சுக்கு அழைத்தாள்.

திட்டம் இதுதான். மகள் றொக்சன் காலையில் லொறியோடு வந்து தாயின் சாமான்களை புரோசார்டில் உள்ள தன் வீட்டுக்கு ஏற்றிப்போவாள். செலீன் மட்டும் நின்று, பால் பொங்குவதைப் பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு மகளோடு போவாள். இனிமேல் மகளின் வீட்டு நிலவறையில்தான் வாசம். தன் அடுப்பைக்கூட யோகராணிக்கே விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள். பழைய மின்சார அடுப்பு, சூடேறுகிற வட்டங்களில் வேலை செய்வது ஒன்றுதான். “அதின்ர குமிழ் கொஞ்சம் கோபக்காரன். அமத்தி, உன்ர பக்கம் இழுத்து, பிறகு திருப்ப வேணும்” என்று செலீன் பலமுறை காட்டிக்கொடுத்தாள். யோகராணியின் கைக்கு அது ஒருநாளும் மசியவில்லை.

காலையில் றொக்சன் வரவில்லை. பத்து மணிக்குப் பிறகு செலீன் கதவையும் திறக்கவில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. அஜந்தா. கோயிலில் சேர்ந்து பூக்கட்டுகிற சிநேகிதி. சாத்திரம் சம்பிரதாயம் என்றால் அவள் வைத்ததுதான் சட்டம்.

“அக்கா, பொங்கிட்டுதே?”

“மனுசி இன்னும் உள்ளுக்கை இருக்கிறா.”

அஜந்தா குரலைத் தணித்தாள். “அவவும் அவவின்ரை சாமானும் உள்ளுக்கை இருக்க நீங்கள் பால் காய்ச்சினால், அது அவவின்ரை வீட்டிலை காய்ச்சினதாத்தான் போகும். பலன் உங்களுக்கு வராது. எப்பிடியெண்டாலும் ஆளை முதல் வெளியிலை எடுங்கோ. அண்ணையின்ரை சுகத்தை நினையுங்கோ.”

யோகராணி தொலைபேசியை வைக்கவும், நகுலேஸ்வரன் தன்னுடையதை மடக்கிக்கொண்டு வந்தார். வீட்டுச் சொந்தக்காரனுடன் கதைத்திருக்கிறார். “அவன் வாறானாம். திறக்காட்டில் பொலிசைக் கூப்பிட்டு எழுப்புவனாம். நாங்கள் பேசாமல் நிண்டாலே போதுமாம்.”

“பொலிசு வந்து அவவைத் தூக்கிக்கொண்டு போன வீட்டிலையோ நான் பால் காய்ச்சிறது?”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

அவள் பானையையும் பால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டைச் சுற்றிப் பின் ஒழுங்கையால் போய், குசினிக் கதவின் கண்ணாடியில் தட்டினாள். செலீன் நிமிர்ந்து பார்த்தாள். யாருக்கும் திறக்காத கதவை அவளுக்குத் திறந்தாள்.

பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டன. திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த சின்ன அறைக்குள் அவை அடுக்கி நின்றன. அந்தச் சின்ன அறையைத்தான் யோகராணி சாமியறையாக்க நினைத்திருந்தாள். பழைய வீட்டில் சப்பாத்துப் பெட்டிக்கு மேல் குடியிருந்த பிள்ளையாருக்கு இந்த வீட்டில் தனி அறை என்று வாக்கே கொடுத்திருந்தாள். குசினியில் மேசையும் இரண்டு கதிரையும் அடுப்பும் மட்டும் மிச்சம். செலீனின் முகம் அழுது வீங்கியிருந்தது.

யோகராணிக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளுடன் பேசுகிற பிரெஞ்சு. பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்டெரியின் குசினியில் அவளுக்கு வேலை. வா, இரு, சாப்பிடு, சூடு, கவனம், அழாதே, அம்மா வருவா. இதை வைத்துக்கொண்டு வங்கியில் கடன் கேட்க முடியாது. அங்கே அவள் தானாகப் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. சாப்பிடுகிற பிள்ளையை யாரும் மேசையிலிருந்து எழுப்பக்கூடாது. தாய் நேரத்தோடு கூட்டிப்போக வந்தாலும் சரி, மேலாளரே வந்தாலும் சரி, யோகராணி வாசலில் குறுக்கே நிற்பாள். “எல் மான்ஜ்” என்பாள். அவள் சாப்பிடுகிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வந்தவர் காத்திருந்துதான் கூட்டிப்போவார்.

“றொக்சன்?” என்று யோகராணி கேட்டாள்.

செலீன் தொலைபேசியில் வந்திருந்த செய்தியை மெதுவாக, யோகராணிக்கு விளங்கும்படி வாசித்தாள். அம்மா, மன்னித்துக்கொள். என் கணவர் சம்மதிக்கவில்லை. உனக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு வந்தது. ஒப்பந்தம் முடிகிற நாளில், பெட்டி எல்லாம் கட்டிய பிறகு, பெற்ற மகள் அனுப்பியது. யோகராணிக்கு உடம்பு பற்றி எரிந்தது.

அழாதே என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அடுத்து கார்டெரியில் சொல்கிற வசனம், அம்மா வருவா. மகள் வருவா என்று அதை மாற்றிச் சொல்லப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை. வராத ஆளை வருவார் என்று அவள் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

செலீன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். அவளுக்கும் நேரம் தெரியும். யோகராணிதான் கையைக் காட்டிக் காட்டி எல்லாம் விளங்கப்படுத்தியிருந்தாளே. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைப்பையை எடுத்தாள்.

“உன்ர பால் கெட்டுப்போகக்கூடாது. நான் வெளியிலை போறன். பெட்டியளை றோட்டிலை வைக்கச் சொல்லு.”

யோகராணி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். மனுசி தானாகப் போகிறாள், யாரும் தள்ளவில்லை, நேரமும் கையில் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கணத்தில் யோகராணி அதற்கு ஆசைப்பட்டாள். முன்வாசலில் நகுலேஸ்வரன் யாருக்கோ ஏதோ சொல்லி இருமுவது கேட்டது. செலீன் கதவருகே வந்துவிட்டாள்.

“இரு” என்றாள் யோகராணி.

செலீன் விளங்காமல் பார்த்தாள். யோகராணி அவளின் கைப்பையை வாங்கி மேசையில் வைத்து, தோளை அமத்திக் கதிரையில் இருத்தினாள். பிறகு பானையை அடுப்பில் வைத்துப் பாலை ஊற்றினாள். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும், கூடிப்போனால் பன்னிரண்டு.

குமிழை அமத்தினாள், இழுத்தாள், திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினாள். கை வேர்த்து வழுக்கியது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருப்பினாள். குமிழ் சும்மா சுழன்றது, வட்டம் கறுப்பாகவே கிடந்தது. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று முணுமுணுத்தபடி இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பின்னால் கதிரை நகர்ந்தது. செலீன் வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். யோகராணி அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

புது வீட்டில் அடுப்பு மூட்டுகிறவள்தான் அந்த வீட்டுக்காரி. அதை அஜந்தா சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. இந்தக் கை மூட்டினால் பலன் இந்தக் கைக்குத்தான். செலீனின் விரல்கள் மெலிந்து, குளிர்ந்து கிடந்தன. இந்தக் கையோடு இவள் இன்றிரவு எங்கே போய்ப் படுப்பாள்?

யோகராணி கையை விட்டாள். செலீன் குமிழை அமத்தி, தன் பக்கம் இழுத்து, திருப்பினாள். வட்டம் சிவந்தது.

இருவரும் மூச்சுவிடாமல் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் கிடந்த பால். திரைந்தால் அதைவிடக் கேடு இல்லை. ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் ஆடை மெல்ல உயர்ந்தது. திரையவில்லை. வெள்ளையாக எழும்பி, விளிம்பைத் தொட்டு, கிழக்குப் பக்கமாக வழிந்து அடுப்பில் சீறியது. மணிக்கூட்டில் ஒன்றுக்கு இன்னும் சொற்பம் இருந்தது. செலீன் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். யோகராணி சுவரில் சாய்ந்து அழுதாள்.

நகுலேஸ்வரன் பின்கதவால் எட்டிப் பார்த்தார். “பொங்கிட்டுதே?”

“ஓம்.”

“ஆர் மூட்டினது?”

“செலீன்.”

அவருக்கும் அது விளங்கியது. யோகராணி றொக்சன் அனுப்பிய செய்தியை அவருக்குச் சொன்னாள்.

“சாமானை இறக்கச் சொல்லுங்கோ. சின்ன அறைக்குள்ளை ஒண்டும் வைக்க வேண்டாம்.”

“அது சாமியறை எல்லே?”

“சாமி குசினிக்குள்ளை இருப்பார்.”

“எத்தினை நாளைக்கு யோகா?”

“நீங்கள் ஒண்டையும் தூக்காதேங்கோ. லொறிப் பெடியள் தூக்கட்டும்” என்றாள். அவர் அவளையே பார்த்தார். “எனக்கு ஒண்டும் வராது. நீர் பயப்பிடாதையும்” என்று சொல்லிவிட்டு லொறியடிக்குப் போனார். இத்தனை நாள் அவள் மூடி வைத்திருந்தது அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது.

சற்று நேரத்தில் அவர் பிள்ளையார் படத்தையும் பொங்கல் சாமான் பையையும் பின்கதவால் தந்துவிட்டுப் போனார். அவள் பாலுக்குள் அரிசியைப் போட்டாள், சர்க்கரை போட்டாள், முந்திரிகை வற்றல் போட்டாள். புக்கை இறுகியதும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் போட்டுச் செலீனின் முன்னால் வைத்தாள். “மான்ஜ்” என்றாள். செலீன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

அப்போதுதான் முன்கதவு அதிர்ந்தது. யோகராணி சங்கிலியைக் கழற்றாமல் திறந்தாள். வீட்டுச் சொந்தக்காரன், முகம் சிவந்து, கையில் தொலைபேசியோடு நின்றான். அவனுக்குப் பின்னால் நகுலேஸ்வரன். கிழவி போய்விட்டாளா, இல்லையென்றால் இந்த நிமிடமே பொலிசைக் கூப்பிடவா என்று அவன் வேகமாகக் கேட்டான். அவ்வளவு வேகப் பிரெஞ்சுக்குப் பதில் சொல்ல யோகராணியிடம் சொற்கள் இல்லை. இருந்ததைச் சொன்னாள்.

“எல் மான்ஜ்.”

அவன் விழித்தான். சாப்பிடுகிறாளா? சரி, சாப்பிட்டு முடிந்ததும் வெளியே வருவாள்தானே? அதுவரைக்கும் நிற்கிறேன் என்றான்.

யோகராணி தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்தாள். செலீன் கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். யோகராணி அகப்பையை எடுத்து அதை மறுபடி நிரப்பினாள்.