சேலையின் மறுமுனை

மகளுக்கு அப்போது மூன்று மாதம். மனைவி யட்டவத்த சந்தைக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

காலையிலிருந்து விடாமல் அழுதாள். புட்டிப்பால் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், தொட்டிலை ஆட்டினேன். எதற்கும் அடங்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்குளில் பிடித்துத் தூக்கி, "வாய மூடு, வாய மூடு" என்று உலுக்கினேன். தலை முன்னும் பின்னும் போனது. சட்டென்று அமைதியானாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து, வெட்கமில்லாமல் நிம்மதியடைந்தேன்.

மனைவி வந்தபோது பிள்ளை பால் குடிக்கவில்லை. வாந்தி எடுத்தாள், கழுத்து துவண்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்கு. சேலையில போட்டு உருட்டினா சரியாப் போயிரும்" என்றார். தூக்கும்போது பிள்ளைக்குக் கழுத்துப் பிசகினால் அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். வாயைத் திறக்காமல் உருட்டினேன்.

வலிப்பு வந்த பிறகுதான் த்ரீவீலர் பிடித்தோம். பிள்ளை விழுந்ததா, யாராவது பிடித்து உலுக்கினார்களா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். மனைவிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது.

"என்னங்க கேக்குறாரு?"

"எப்படி ஆச்சுன்னு கேக்குறாரு" என்றேன். அவள் அழுதுகொண்டு, "சேலையில உருட்டினோம்னு சொல்லுங்க. நான்தான் சரின்னேன், என் தப்புன்னு சொல்லுங்க" என்றாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உண்மையை முதலில் டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். பிறகு அவளிடம் தமிழில் சொன்னேன்.

பொலிஸ், வழக்கு எல்லாம் வந்தது. வரவேண்டியதுதான். வார்டில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொன்னதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. "தாங்க முடியலைன்னா பிள்ளைய பாயில படுக்க வச்சிட்டு, கொஞ்ச நேரம் வாசல்ல போய் நின்னிருக்கலாமே. அழுறதால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது." வாசல் நாலு எட்டுத் தூரம்தான்.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. மண்டைக்குள் இரத்தம் கசிந்ததில் பார்வை போய்விட்டது. மனைவி என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். மகளிடம் நாங்கள் இன்னும் எதையும் சொல்லவில்லை. திடீரென்று யார் தூக்கினாலும் பயந்து அலறுவாள். நான் தூக்கினால் மட்டும் அவளுக்குப் பயமில்லை.