சாம்பல் சிமெண்டும் ரோசம்மாவின் கூரையும்

சிமெண்ட் விற்பவனுக்குத் தூசியால் வரும் இருமலைவிட, மேஸ்திரிகளால் வரும் மயக்கம்தான் அதிகம். இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சிமெண்ட் அரவை ஆலையில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கிளம்பும் புகை கொஞ்சநஞ்சமல்ல. அதனால் சுட்ட கல்லில் ஒரு பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து அரைத்தோம். நல்ல சரக்கு. அதை நம்பவைப்பதுதான் என் வேலை. இப்படி எதையாவது நம்பவைத்துப் பிழைத்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வாளிச் சோதனை

கவரைப்பேட்டையில் முதலில் எங்கள் சிமெண்டுக்குச் சம்மதித்தவர் ரோசம்மா. இரும்பு ஆலையில் கூலிவேலை செய்து அவர் கட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை வீடு. கூரை விரிசல் விட்டால் அவருக்கு வீடு போச்சு, எனக்கு வேலை போச்சு.

மேஸ்திரி ஏழுமலை மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டார். முழுகினால் நல்லது, மிதந்தால் கலப்படம். அவருக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான். எங்கள் சரக்கு பாதி முழுகியது, பாதி மிதந்தது.

"இன்னா சார், அடுப்பு சாம்பல வாரி மூட்ட கட்டிக்கினு வந்துட்டியா?"

எட்டாம் நாள்

கெஞ்சிக் கூத்தாடிக் கூரைத் தளம் போடவைத்தேன். இது மெதுவாகத்தான் இறுகும், பதினாலு நாள் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் தகரம், முட்டு எதையும் தொடாதீர்கள் என்று இருவரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் தகரமும் இல்லை, முட்டும் இல்லை. மேஸ்திரி வழக்கம்போல அடுத்த வீட்டு வேலைக்குப் பிரித்துக்கொண்டு போயிருந்தார். மேலே இறுகாத தளம்; கீழே ரோசம்மா குழம்பு தாளிக்கிறார்! வெளியே வரும்படி அலறினேன். கரண்டியோடு ஓடிவந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் பேஜாரு பண்ற? ஊட்டுக்குள்ள பாம்பு கீம்பு பூந்துடுச்சா?"

ஏழுமலையின் கைங்கரியம்

மறுபடி முட்டுக் கொடுக்கவைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மாதமாகியும் தளத்தில் மயிரிழை விரிசல் இல்லை. பூரித்துப்போய் ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சாம்பலில் நம்பிக்கை இல்லாமல், தளத்துக்கு வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு சிமெண்டைக் கொட்டியிருக்கிறார்! ரோசம்மா பாவம், கேட்டபோதெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாம்பலால் குறைத்த புகையெல்லாம் அந்தக் கூடுதல் மூட்டைகளிலேயே திரும்பி வந்துவிட்டது. இடிந்துபோய் மேலாளரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த மேஸ்திரி மாதிரி இன்னும் பத்துப் பேரைப் புடிய்யா!"

புகையைக் குறைக்கவென்று சம்பளம் வாங்கிய நான் இந்த வானத்துக்குச் செய்த ஒரே உபகாரம், அந்த வேலையை விட்டதுதான்.