நீலக் கட்டம் போட்ட சட்டை

ஜன்னலில் துணி தொங்கினால் உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தெருவில் அப்படி ஒரு ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவள் காஜாக்கா.

அந்தப் பெயர் அவளுக்குத் தையற்கடையில் விழுந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். கடையில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து சபைக்கும் வந்து, கடைசியில் பாஸ்டரே பிரசங்கத்துக்கு நடுவில் "நம்ம காஜாக்கா" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கணவர் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கடை, வீடு, ஆலயம் என்று மூன்றே இடங்களில் அவள் காலம் போயிற்று.

அப்போதுதான் வாட்ச் ரிப்பேர்காரர் விஷயம் நடந்தது.

அவர் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்காருவார். கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார். யாரோடும் ஒட்டாத மனிதர். ஒரு ஞாயிறு அவரைக் காணவில்லை. அடுத்த ஞாயிறும் காணவில்லை. எப்போதும் நழுவிப் போகிறவர்தானே என்று ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்றம்தான் சொல்லிக்கொடுத்தது. கதவை உடைத்தபோது காஜாக்காவும் மாடிப்படியில் நின்றிருந்தாள். உள்ளே அவர் கட்டிலில் கிடந்தார். சுவரிலும் மேசையிலும் ஆள் ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவளுக்குக் காதைப் பொத்தத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சபையில் அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டம் நடந்தபோது அவள் எழுந்து நின்றாள். "இனிமே நம்ம தெருவுல ஒருத்தரும் இப்படிப் போகக் கூடாது."

"சாவு நம்ம கையிலயாம்மா இருக்கு?" என்றார் பாஸ்டர்.

"சாவு நம்ம கையில இல்லீங்கய்யா. கதவைத் தட்டறது நம்ம கையிலதானே இருக்கு."

இப்படித்தான் துணி வந்தது. தனியாக இருக்கும் வயதானவர்கள், சபைக்காரரோ இல்லையோ, காலையில் எழுந்ததும் தெருப்பக்க ஜன்னல் கம்பியில் ஒரு துணியைத் தொங்கவிட வேண்டும். இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறியும் துணி வராத வீட்டுக் கதவைச் சபை போய்த் தட்டும். தட்டும் பொறுப்பை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சாவியில் ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்தார்கள்.

ஒருத்தி மட்டும் கொடுக்கவில்லை. "என் வீட்டுச் சாவி எவ கைக்கும் போகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் காஜாக்காவின் நாத்தனார், கணவருக்கு மூத்தவள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

நாத்தனாருக்கும் காஜாக்காவுக்கும் பேச்சு நின்றது ஒரு படத்தால். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு சபையில் இறந்தவர்களை நினைக்கும் ஆராதனை நடக்கும். அவரவர் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து பீடத்தின் படியில் வைத்து, ஒரு படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கணவர் இறந்த வருஷம், எந்தப் படம் என்பதில் தகராறு வந்தது.

"வாலிபத்துல எடுத்த படத்த வை. என் தம்பி எப்படி இருந்தான்னு நாலு பேர் பாக்கட்டும்."

"அதுல அவர் தோள்மேல யார் கையோ தனியா கிடக்குது அண்ணி. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"யார் கையோவா? அது என் கை! நான் பக்கத்துலதான் நின்னேன். படம் சட்டத்துல அடங்கலன்னு என்னை மடக்கி உள்ள தள்ளிட்டீங்க புருஷனும் பொண்டாட்டியுமா."

"சிரிக்கிற படத்த துக்கத்துக்கு வைக்க முடியுமா?"

"நீ வந்தப்பறம் அவன் எங்க சிரிச்சான், வேற படம் கிடைக்கறதுக்கு!"

காஜாக்கா கடைசியாக எடுத்த படத்தை வைத்தாள். நாத்தனார் ஆராதனையின் பாதியில் எழுந்து போனாள். அதோடு சரி. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கவில்லை.

ஆனால் துணி ஏற்பாடு தொடங்கிய முதல் நாள் காலையில், தெருமுனைக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தொங்கியது. காஜாக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கணவரின் சட்டை. அவளே காஜா எடுத்த சட்டை. சாவு வீட்டில் துணி ஒதுக்கியபோது காணாமல் போனது. எடுத்தது யார் என்று இப்போது தெரிந்தது.

தினமும் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். காற்றடித்தால் சட்டை கையை ஆட்டும். காற்றில்லாத நாளில் தலையில்லாத ஒரு ஆள் ஜன்னலில் நின்று கீழே பார்ப்பதுபோல இருக்கும். ஆனாலும் பார்க்காமல் போக முடியாது. சரி, அண்ணி இருக்காங்க என்று நினைத்துக்கொண்டு நடப்பாள். இருவருக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஏற்பாட்டில் முதல் ஓட்டை சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் விழுந்தது. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருநாள் துணி போட மறந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். டிரைவரண்ணன் தட்டினார். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததால் சாவியும் உதவவில்லை. தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு சபைக் கமிட்டியே உள்ளே நுழைந்தது. டீச்சரம்மா ஈரத் துண்டோடு வெளியே வந்தாள்.

"என்னய்யா, பொணம் எடுக்க வந்தீங்களா? குளிச்சு ரெடியாத்தான் இருக்கேன், தூக்குங்க!"

தெரு ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பிறகு வயதானவர்கள் எல்லோருக்கும் மறந்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. காலையில் போட்டு மாலையில் எடுப்பது முட்டிக்கும் தோளுக்கும் கஷ்டம் வேறு. ஒவ்வொருவராக டிரைவரண்ணனிடம் முணுமுணுத்தார்கள். அவர் நல்ல மனிதர்.

"சரி, ராத்திரியும் கிடந்துட்டுப் போகட்டும். துணிதானே, ஓடியா போகப்போகுது?" என்றார்.

இதைக் காஜாக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளும் கவனிக்கவில்லை. தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் துண்டும் புடவையும் தலையணை உறையும் ஆடின. ஒரு ஜன்னல்கூடக் காலி இல்லை. இரண்டு மழைக்காலத்துக்கு நடுவில் ஒரு கதவைக்கூடத் தட்ட வேண்டி வரவில்லை. அடுத்த தெருச் சபைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தாங்களும் துணி போட ஆரம்பித்தார்கள். பாஸ்டர் பெருமையாக அறிவித்தார். காஜாக்காவுக்கும் உள்ளூர மகிழ்ச்சி. வாட்ச் ரிப்பேர்காரரின் கடிகாரச் சத்தம் காதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது.

நினைவு ஆராதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி மழை கொட்டியது. விடிவதற்கு முன்பே நின்றுவிட்டது. கிழக்கு வெளுத்ததும் காஜாக்கா பால் வாங்கக் கீழே இறங்கினாள். தெரு கழுவிவிட்டதுபோல இருந்தது. மேலே பார்த்தாள். எல்லா ஜன்னலிலும் துணி இருந்தது. எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, ஆடாமல் அசையாமல், கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

ஐயோ, அத்தனையும் மறுபடி துவைக்கணுமே என்றுதான் முதலில் நினைத்தாள்.

இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள். மழை நின்றது இருட்டில். இப்போதுதான் விடிகிறது. காலையில் போட்ட துணியாக இருந்தால் நனைந்திருக்காது. இந்தத் துணி ராத்திரியெல்லாம் இங்கேயே கிடந்திருக்கிறது. நேற்று ராத்திரி மட்டும்தானா?

பால் பாத்திரம் கையில் இருக்கிற நினைவே இல்லாமல் அவள் தெருவை மேலும் கீழும் பார்த்தாள். அத்தனை ஜன்னல்களும் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்றையும் நம்ப முடியவில்லை.

தெருமுனைக் கட்டடம்தான் அவளுக்குப் பக்கம். நீலக் கட்டச் சட்டை கைகளைத் தொங்கவிட்டு நின்றது. அவள் அதைத் தாண்டிப் போனாள். முதலில் மற்றவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கால் தானாக எதிர்ப்பக்கம் திரும்பியது.

மூக்குக்கண்ணாடிக் கடைத் தாத்தா கதவைத் திறந்து கண்ணைக் கசக்கினார். "என்னம்மா விடியாத நேரத்துல?"

"துணிய எப்ப போட்டீங்க தாத்தா?"

"போன மாசம்."

"போன மாசமா!"

"டிரைவர்தான் கிடக்கட்டும்னாரு. நான் செத்தாலும் அது அங்கதான் இருக்கும், கவலைப்படாத."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் படியிறங்கினாள். டீச்சரம்மா வீட்டைத் தட்டினாள், அடுத்த வீட்டை, அதற்கடுத்த வீட்டை. எல்லோரும் எழுந்து வந்தார்கள். திட்டினார்கள், கொட்டாவி விட்டார்கள், காபி குடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கதவு திறந்தபோதும் மூச்சு வந்தது. அடுத்த படியில் கால் வைத்ததும் போயிற்று. சத்தம் கேட்டு டிரைவரண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"எல்லாரையும் பாத்தாச்சா தங்கச்சி?"

"ஒரு வீடு பாக்கி."

மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார்கள். "அண்ணி!" என்று கூப்பிட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்தது, வேறு யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. பதில் இல்லை. சாவியும் இல்லை. டிரைவரண்ணன் கீழே போய்க் கடப்பாரை கொண்டுவந்தார்.

நாத்தனார் சமையலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அடுப்புமேல் கழுவின பாத்திரம் வைத்தபடி இருந்தது. கண் திறந்திருந்தது. காஜாக்கா மண்டியிட்டுக் கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ஆனால் விரல் அசைந்து அவள் விரலைப் பிடித்தது.

"தண்ணி" என்றாள் நாத்தனார். டெலிபோனில் ஊருக்கெல்லாம் கணீரென்று பதில் சொன்ன குரல் காற்றாக வந்தது. இரண்டு மடக்கு குடித்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"முந்தாநாள் விழுந்தேன்."

"பேசாதீங்க அண்ணி. ஆம்புலன்ஸ் வருது."

"நேத்து சாயங்காலம் கீழ வந்து நின்னியே. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், ஒரு கால் இழுக்கும். கத்தினேன். குரல் வரல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நின்னு பாத்த. பாத்துட்டுப் போயிட்ட."

காஜாக்கா நேற்று சாயங்காலம் நிஜமாகவே நின்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்கூட நின்றாள். அண்ணி நல்லா இருக்காங்க என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். இடுப்பெலும்பு முறிவோடு நெஞ்சில் சளியும் கட்டிக்கொண்டது. காஜாக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். நாத்தனார் குறை சொல்லவில்லை, திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கண்ணைத் திறந்து, "அந்தச் சட்டை நனைஞ்சு கிடக்குமே" என்றாள். பிறகு பேசவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

மறுநாள் நினைவு ஆராதனை. நாத்தனாரின் படம் என்று ஒன்று எந்த வீட்டிலும் இல்லை. காஜாக்கா கணவரின் வாலிபப் படம் இருந்த பழைய சட்டத்தைப் பிரித்தாள். மடங்கிக் கிடந்த பாதியை விரல் நுனியால் மெல்ல நிமிர்த்தினாள். மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கும் ஒரு வாலிபப் பெண். அவள் இப்படிச் சிரித்துக் காஜாக்கா ஒருநாளும் பார்த்ததில்லை.

படியில் அந்தப் படத்தை வைத்து இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "ஒரு படத்துக்கு ஒண்ணுதானேம்மா வழக்கம்?" என்று பாஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்காங்கய்யா" என்றாள்.

ஜனங்கள் பாட எழுந்தபோது திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. மறுபடி கடிகாரச் சத்தம் கேட்டது.

துணி ஏற்பாட்டை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். காஜாக்கா விடவில்லை. இப்போது டிரைவரண்ணன் சாயங்காலமும் தெருவில் நடக்கிறார். இருட்டியும் துணி தொங்கும் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். தாத்தா திட்டுகிறார், டீச்சரம்மா கிண்டல் செய்கிறாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். புதிதாக ஒரு ஜன்னலும் சேர்ந்திருக்கிறது. தனியாக இருப்பவர்களில் தன்னை அவள் எண்ணியதே இல்லை. இப்போது அவள் ஜன்னலில் நீலக் கட்டச் சட்டை தொங்குகிறது.

மறுபடி மழைக்காலம் வந்தது. அன்று கடையில் சீருடை வேலை நெருக்கியடித்தது. விரல் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தவள், விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் சாய்ந்தாள். லேசாகக் காய்ச்சல் அடித்தது. ஜன்னலில் சட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எழுந்து எடுக்க வேண்டும். இன்னைக்கு ஒருநாள் கிடந்தா என்ன, டிரைவரண்ணனுக்குத்தான் நம்மளத் தெரியுமே என்று தோன்றியது. கண்ணை மூடினாள். இதமாக இருந்தது.

நன்றாக இருட்டிய பிறகு கீழே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தாள். தட்டவில்லை. செருப்புச் சத்தம் நகர்ந்து தேய்ந்து போயிற்று.

காஜாக்கா கண்ணைத் திறந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலை சுற்றியது, சுவரைப் பிடித்தாள். ஜன்னல்வரை போய்ச் சட்டையை இழுத்து உள்ளே போட்டு, காலியான கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் ஒருவரும் இல்லை.