காத்தாடியடியில் கருடன்கள்

தேவதானத்தில் மாரிக்கனி பேச ஆரம்பித்தால் டீக்கடையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். பயம் பாதி, மரியாதை பாதி. கணவர் ராணுவத்தில் இருக்க, ஒரு மந்தை ஆட்டைத் தனியாகக் கட்டி மேய்க்கிறவளுக்கு அந்த அளவு குரல் இருக்கத்தான் செய்யும்.

ஊருக்குக் கிழக்கே இருக்கும் காற்றாலையை அந்தப் பக்கம் காத்தாடி என்பார்கள். அதன் இறக்கை அடித்து மறுபடியும் ஒரு கருடன் விழுந்த அன்று, மாரிக்கனி அதைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு நேராகக் காத்தாடியடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் அது.

"இதை நிப்பாட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

ராஜபாளையத்திலிருந்து வந்த காத்தாடிக் கம்பெனி இன்ஜினியர், இந்து என்ற பெண், சண்டை போடவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கருடன் வட்டமிட்டு இறங்கியது.

"அக்கா, அது எதைப் பாக்குதுன்னு பாருங்க. இரை தேடும்போது கண்ணு தரையிலதான் இருக்கும். எதிர்ல இறக்கை வாரது அதுக்குத் தெரியாது."

மாரிக்கனி பார்த்தாள். கீழே கிடந்தது அவளுடைய செத்த கிடாய். காலையில் அவளே கொண்டுவந்து போட்டது.

ஆடு செத்தால் கருடனுக்கென்று வெட்டவெளியில் போடுவது அங்கே வழக்கம். முன்பெல்லாம் கண்மாய்க்கரையில் போட்டார்கள். காத்தாடியோடு நல்ல ரோடும் வந்ததால் எல்லா மந்தைக்காரர்களும் அதனடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். புண்ணியமும் ஆச்சு, அலைச்சலும் மிச்சம்.

அவள் எழுந்து ஓடி, கையைத் தட்டிக் கத்தி விரட்டினாள். கருடன் மயிரிழையில் தப்பி மேலேறியது. இனி செத்த ஆட்டைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று அன்றைக்கே ஊரில் சொன்னாள்.

"செத்த ஆட்டுக்குக் குழியா மதினி? ஊர் சிரிக்கும்," என்றான் கொழுந்தன் இருளப்பசாமி.

"சிரிக்கட்டும்லே. நீயும் சிரிச்சு முடிச்ச பொறவு மம்பட்டியை எடுத்துட்டு வா."

வந்தான். மற்ற மந்தைக்காரர்களும் முனகிக்கொண்டே வந்தார்கள். வராதவர் வீட்டுக்கு அவளே போனாள். காத்தாடியடியில் எலும்புகூட இல்லாமல் போனது. கருடன்கள் அங்கே இறங்குவதும் நின்றது.

மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும் நாரைகள் கூட்டமாக வந்தன. முதல் நாளே ஒன்று அடிபட்டு விழுந்தது. நாரை எந்தக் காலத்தில் செத்த ஆட்டைத் தேடி வந்தது? மாரிக்கனி இந்துவுக்குப் போன் போட்டாள்.

"எங்க தப்பை நாங்க சரி பண்ணிட்டோம் தாயி. இது உங்க தப்பு. கூட்டம் தாண்டிப் போற வரைக்கும் நிப்பாட்டு."

இந்து உடனே காத்தாடியை நிறுத்தச் சொன்னாள். சாயங்காலம் நாரைகள் திரும்பியபோது காத்தாடி அசையாமல் நின்றது.