தறி ஷெட்டுக்குப் பொருந்தாதவர்கள்

எங்கள் ராஜபாளையம் பேண்டேஜ் துணி ஆலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்பு அலுவலராக என்னைப் போட்டார்கள். அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நேர்காணல் எல்லாம் இல்லை. போலியோவில் சூம்பிய என் இடது கால் இருபத்திரண்டு வருடமாக ஆபீசில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கிறது. பதவி அதற்குத்தான். நான் கூடப் போனேன், அவ்வளவே.

யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே மதியத்தில் முடித்தேன். ‘செவித்திறன் குறைந்தோர்: பேக்கிங் பிரிவு. தறி ஷெட் பொருந்தாது. இயந்திரச் சத்தம் கேட்காததால் ஆபத்து.’ படித்துப் பார்த்தபோது என் அறிவு எனக்கே பிடித்திருந்தது. பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை.

“அஞ்சு வருசமா தறி ஓட்டுனவ சார். அந்த ஷெட்ட மூடிட்டாவ. இங்கயும் தறியிலயே போட்ருங்க,” என்றார் அம்மா.

“தறி ஆபத்தும்மா. பேக்கிங்னா உக்காந்து பாக்குற வேலை. நெழல்ல இருக்கலாம்.”

“அவ எங்க சார் நெழல் கேட்டா?”

பேக்கிங் மேசையைச் சுற்றி இருபது பெண்கள். கை மடிக்கும், வாய் சீரியல் கதையிலிருந்து மாமியார் கதைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவள் ஓரத்தில் இருந்தாள். எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். “ஏட்டி, அவளத் தூக்க விடாதீய, பாவம்” என்று கையிலிருக்கும் துணிக்கட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வடை கொடுப்பார்கள். பேச்சு மட்டும் கிடையாது.

மூன்றாவது வாரம் அம்மா தனியாக வந்தார். “வீட்டுக்கு வந்தா ஒரே அழுகை சார். தறி குடுத்தா இருப்பாளாம். இல்லன்னா நின்னுருவாளாம்.”

அன்றுதான் தறி ஷெட்டுக்குள் போனேன். எண்ணெய்த் தரை கால் வழுக்கும் என்று சொல்லியே இத்தனை வருடம் வாசலோடு திரும்பியிருக்கிறேன். மேஸ்திரி காதருகே ஏதோ கத்தினார். விளங்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

“உள்ள எவனுக்கு அண்ணாச்சி காது கேக்குது? நாப்பது தறி ஓடும்போது பூரா கைப்பேச்சுதான். நூல் அறுந்தா ரெண்டு வெரலு. நிப்பாட்டணும்னா உள்ளங்கை. மொதலாளி வாராவன்னா இது,” என்று இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினார். “அந்தப் புள்ளைய அனுப்பும். இங்க நீருதான் செவிடு.”

முதலாளியிடம் போய், தப்பாக எழுதிவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன்.

“ஆபத்துன்னு நீருதான எழுதுனீரு? அதுல நானும் கையெழுத்து போட்டாச்சு. நாளைக்கு அவ வெரல்ல ஒண்ணு பட்டா யாரு பதில் சொல்லுவா? திருத்தி அனுப்பும். அங்கேருந்து பதில் வரட்டும்.”

அனுப்பினேன். திருத்தத்துக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. காரணம் எழுதினேன். அதை உரிய படிவத்தில் கேட்டு இன்னொன்று வந்தது. நானும் இதே மாதிரி எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதியவன் என்பதால் கோபப்படக்கூட வழியில்லை. படிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் அவள் அம்மாவோடு வந்து நின்றாள். சோழபுரம் பக்கம் ஆறு தறி ஓடும் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டும் வந்தாளாம்.

“அங்க பி.எஃப். கெடையாது, இ.எஸ்.ஐ. கெடையாது. ஒரு கக்கூஸாவது இருக்கா? இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கம்மா,” என்றேன்.

அம்மா கையால் சொன்னார். அவள் வேகமாக, நீளமாக எதையோ சொல்லி முடித்தாள்.

“என்ன சொல்லுதா?”

“அங்க எல்லாரும் அவகிட்ட பேசுதாவளாம் சார்.”

விலகல் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘சொந்த விருப்பம்’ என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.