கடற்கரைக்குப் போன அட்டை

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எனக்குச் சந்தேகம் தட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நானும் என் மனைவி மரகதமும் மகள் சாந்தாவும் மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசிப் பை, ஜமக்காளச் சுருட்டு சகிதம் நின்றிருந்தோம். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன ஏகாம்பரம் குடும்பத்தைக் காணவில்லை. உல்லாசமாக ஊர் சுற்றப் போகிறவர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவது ரங்கூனிலிருந்து வந்த எனக்கு இன்னும் விசித்திரம்தான். அங்கே ஞாயிறு என்றால் வெறுங்கையோடு ஏரிக்கரைக்குப் போவோம். வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். இங்கே நாமே சமைத்துக்கொண்டால்தான் விடுதி நமக்குக் கட்டுப்படியாகும்.

திட்டம் ஏகாம்பரத்துடையது. பட்டுத்தறி நெய்கிறவர், அவர் மகளும் சாந்தாவும் ஒன்றாகப் பள்ளி இறுதி முடித்தவர்கள். மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் கட்டியிருக்கும் குடில்களுக்கு அவர் மச்சான்தான் காவல்காரராம். கோடையில் வெள்ளைக்காரர்கள் வருவதில்லை, வாடகை பாதி. இரண்டு அறைக் குடிலை இரண்டு குடும்பமாக எடுத்தால் அதிலும் பாதி. இவ்வளவு மலிவாக ஒருவர் நமக்கு எதற்காகக் கடலைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"பேரு எழுதணும்னா ஏதாவது சர்க்காரு காயிதம் வேணுமாம் சார். உங்க பர்மா அட்டையக் குடுங்க. மச்சான்கிட்ட காட்டிட்டுத் தந்துடறேன்" என்றார் ஏகாம்பரம்.

"என்றைக்குப் போகிறோம்?"

"இன்னா சார் கேள்வி இது? வர்ற லீவு நாள்லதான். காலைல ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க, மூணு நாள் இருந்துட்டு வரலாம்."

பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த அந்த அட்டை என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிற வியாழக்கிழமை அதைக் காட்டினால்தான் சாந்தாவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைக்கும். மரகதம் தரவே கூடாது என்றாள். ஆனால் கப்பலின் கீழ்த்தட்டில் வாந்தி எடுத்தபடியே இந்தியா வந்து சேர்ந்த சாந்தா, ஒரு தரமாவது மணலில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்துவிட்டேன். திங்களுக்கும் செவ்வாய்க்கும் அலுவலகத்தில் விடுப்பும் எழுதிக் கொடுத்தேன்.

ரங்கூன் துறைமுகத்தில் ஓர் அதிகாரி என் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த மேசைக்குப் போங்கள், ஸயா" என்றார். ஸயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர், மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த மேசையில் இருந்தவர், "எந்தச் சான்றிதழ்?" என்று கேட்டார். பத்து வருடம் பாடம் நடத்தியவன் இங்கே ஒரு பள்ளியில் எழுத்தராக இருப்பது அதனால்தான். அன்றிலிருந்து, ஒரு காகிதத்தை யாராவது சிரித்த முகத்தோடு கேட்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

எட்டு மணிக்கு, மூட்டைகளோடு பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் நின்றோம். பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"அவங்களா? வெள்ளிக்கெழமையே மூட்டை கட்டிக்கினு போயிட்டாங்களேபா. உங்களாண்ட சொல்லலியா? நல்ல சிநேகிதம் போ!"

என்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே கிளம்பியிருக்கிறார். இரண்டு நாளில் ஓர் அட்டை எங்கே வேண்டுமானாலும் கைமாறலாம். வேறொருவன் மகள் என் பெயரில் படிக்கலாம்.

"மகாபலிபுரத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம் அப்பா" என்றாள் சாந்தா.

"அங்கே குடில் இருக்கிறதென்று யார் கண்டது?" என்றேன்.

செவிலிமேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி, காவல் நிலையத்துக்கு ஒரு புகார் எழுதினேன். 'நம்பிக்கை மோசடி' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன். நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்துத் தரச் சொன்னபோது சாந்தா பேனாவைத் தொட மறுத்துவிட்டாள். நானே எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் செருப்பை மாட்டும்போது ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மாள் வாசலில் வந்து நின்றாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள்.

"இன்னா சார் நீங்க? வெள்ளிக்கெழம ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டு உங்களுக்காக நின்னுக்கினு இருந்தோம். சரி, பின்னால வருவீங்கன்னு போயிட்டோம்."

"வெள்ளிக்கிழமையா? ஞாயிறுதானே லீவு நாள்?"

"ஞாயித்துக்கெழம எந்தத் தறி சார் நிக்குது? எங்களுக்கு அமாவாசைதான் லீவு, அது வெள்ளிக்கெழமதான வந்துச்சு. தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. "உங்க ரூம்ப யாருக்கும் வுட வேணாம்னு சண்ட போட்டுக்கினு, மூணு நாளும் அந்த வாசப்படியிலயே படுத்துக்கினாரு எங்க வூட்டுக்காரரு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்துச் சாந்தாவிடம் கொடுத்தாள். என் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

கிளம்பப் போனவள் திரும்பி நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். குடில்ல பேரு எழுதற நோட்டுல இவங்க எந்த ஊருன்னு எழுதறதுன்னு எங்க அண்ணன் கேட்டாரு. அட்டையில ரங்கூன்னு போட்டுருக்குது, நீங்க இருக்கறது காஞ்சிபுரம். ரெண்டையும் எழுதிக்கன்னு சொல்லிட்டேன். தப்பில்லியே?"