மூன்றாவது காரின் ராசி

எட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. அதிலும் கார்களைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். பெரியப்பாவின் கடையில் விற்காமல் தேங்கும் கார் சஞ்சிகைகளை, அவை திரும்பிப் போவதற்கு முன், அட்டை கசங்காமல் வாசித்துவிட்டு இருந்த இடத்தில் வைப்பது என் வழக்கம். வீட்டில் பெரியவர்கள் ஊர் நிலவரம் கதைக்கும் நேரத்தில் நான் எஞ்சின் நிலவரம் கதைப்பேன். ஒருவரும் காது கொடுப்பதில்லை, மாமாவைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். விசா கிடைக்கவில்லை, ஆகவே வேலைக்குப் போக அனுமதியும் இல்லை. என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, கூட்டிவருவது, மீன் வெட்டுவது, அம்மா ஷிப்ட் முடிந்து வரும்போது சோறு வைத்திருப்பது எல்லாம் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நான் கார்களைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்துவேன். அவர் நல்ல மாணவர், நடுவில் கேள்விகூடக் கேட்பார். மற்றப் பிள்ளைகளின் மாமாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வருவார்கள். எனக்கோ முழுநேர மாமா. அதை என் அதிர்ஷ்டம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனிக் காருக்கு வருகிறேன். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஜப்பான்காரர் செய்கிற ஒரு சொகுசுக் காரைத் தவிர வேறொன்றையும் கார் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். கடைக்குச் சாமான் ஏற்ற ஒரு வான் இருந்தது. அது வாகனம். கார் என்றால் அது ஒன்றுதான். அந்தக் கம்பனி சில வருஷங்களுக்கு ஒருமுறை அதே காரைப் புது உருவத்தில் கொண்டுவரும். புதியது வந்ததும் பழையதின் விலை இறங்கும். பெரியப்பா அதற்காகவே காத்திருந்து, இறங்கியதை வாங்குவார். அதனால் எப்போதும் ஒரு தலைமுறை பிந்தித்தான் ஓடினார். ஆனால் அவர் ஓட்டுகிற மிடுக்கைப் பார்த்தால், கம்பனி இவரைக் கேட்டுத்தான் அடுத்ததைச் செய்கிறதாக்கும் என்று நினைக்கத் தோன்றும்.

முதலாவது தலைமுறையை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறியது போன்ற பெட்டி உடம்பு. தெருவில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அது ஓடுகிற அமைதியைக் கண்டு ஜெர்மன்காரருக்கு நித்திரை கெட்டது என்று சஞ்சிகைகள் எழுதின. இரண்டாவது அதன் தம்பி என்று பார்த்தவுடனேயே தெரியும், வெளியே கொஞ்சம் மெருகு, உள்ளே அநேகமாக எல்லாம் புதிது. மூன்றாவதில் தோள் உருண்டு, உயரம் கூடி, முன்விளக்குகள் பெருத்து, ஒரு பெரிய மனுஷத் தோரணை வந்துவிட்டது. நாலாவது அப்போதுதான் வெளிவந்திருந்தது. பொத்தானை அமத்தினால் ஸ்டார்ட் ஆகும், தானாகவே இடம் பார்த்துப் பின்னுக்கு வந்து நிற்கும். இன்றைக்கு ஐந்தாவதும் வந்து, பதிந்து நீண்டு, முன்முகம் முழுக்கக் கம்பி வலையாக ஓடித் திரிகிறது. நான் சொல்லப்போகும் நாளில் அது ஒருவர் மனதிலும் இல்லை, என் மனதைத் தவிர.

இந்தக் காருக்கு ஒரு ராசி இருந்தது. குரோய்டனில் விசா அலுவல்கள் பார்க்கிற பெரிய கட்டிடத்துக்கு அப்பா நேர்முகத்துக்குப் போனது பெரியப்பாவின் முதலாவது காரில். விசா கிடைத்தது. சித்தப்பா போனது இரண்டாவதில். அவருக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு சொந்தம், சொந்தத்தின் சொந்தம், கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிட்டவர் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோர்ண்டன் ஹீத்திலிருந்து குரோய்டன், பஸ்ஸில் ஏறிச் சீற் பிடிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். என்றாலும் எல்லோருக்கும் பெரியப்பாவின் காரில் போய்த்தான் இறங்கவேண்டும். அவரும் சலிக்காமல், கடையைப் பெரியம்மாவின் கையில் விட்டுவிட்டு, கோட் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். கிடைக்காமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை ராசிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

நாலாவது வந்த கோடையில் பெரியப்பா வழக்கம்போல இரண்டாவதை விற்று மூன்றாவதை வாங்கினார். கோயிலில் ஐயர் பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், நாலு ரயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம், கற்கண்டு தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த கிழமை மாமாவைக் குரோய்டனுக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ராசியான காரை விற்றாயிற்று.

புதுக் காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டார் மாமா. அதன் பிறகு, ராசி உண்மையில் எங்கே இருக்கிறது என்ற விசாரணை எங்கள் வீட்டு முன்னறையில் தொடங்கியது. ராசி காரில் இல்லை, முன்னுக்கு ஒட்டியிருக்கிற வெள்ளிப் பிள்ளையாரில் இருக்கிறது, அவர்தானே காருக்குக் கார் மாறி வருகிறவர் என்றார் அம்மா. பெரியம்மா, அது தன் மனுஷனின் கைராசி என்றார். அப்பா, பின் சீற்றின் இடது பக்கம் என்றார், அவர் இருந்து போன இடம் அது. சித்தப்பாவை டெலிபோனில் கேட்டதற்கு, நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்தீர்களா என்று கேட்டுப் புதுக் குழப்பத்தைக் கிளப்பினார். அதையும் காரோடு சேர்த்து விற்றிருந்தார்கள்.

கடைசியில் பெரியப்பா வால்தம்ஸ்டோவுக்கு டெலிபோன் எடுத்தார். காரை வாங்கியவர் மன்னார்க் கத்தோலிக்கர், நல்ல மனுஷன். ஒரேயொரு நாளைக்கு இரவல் தரமுடியுமா, லண்டனின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நாங்களே வந்து எடுத்துக்கொண்டு போகிறோம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். விற்ற காரை இரவல் கேட்ட மனுஷன் எங்கள் ஆட்களுக்குள்ளேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பக்கத்தில் நல்ல மரியாதையாகத்தான் பதில் வந்தது. தன் மனைவியின் தம்பிக்கும் வருகிற மாதம் குரோய்டனில் நேர்முகமாம். அதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கினாராம். அதற்கு முன் வெளியே விட்டால் ராசி குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். பெரியப்பா டெலிபோனை வைத்தார், ஏனென்றால் அந்த மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது.

மாமா சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். போகவேண்டிய நாளுக்கு முதல் நாள், தான் போகவே போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். போகாவிட்டால் தேடி வருவார்கள் என்றார் அப்பா. மாமாவுக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்படி அழைக்கப்பட்டுப் போய், போன வாசலால் திரும்பி வரவில்லை, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று கதைத்துக்கொண்டார்கள். எனக்கு விமானம் என்றால் ஜன்னல் சீற்றும், சின்னச் சின்னப் பெட்டிகளில் வருகிற சாப்பாடும்தான். அதற்கு அம்மா ஏன் அழவேண்டும் என்று விளங்கவில்லை. ஆனால் கார் விஷயத்தில் இத்தனை பெரியவர்களும் சேர்ந்து விசர்க்கதை கதைக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் முதலாவது தலைமுறையிலிருந்து தொடங்கினேன். செய்கிறவர்கள் ஒருமுறையும் முந்தியதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொடங்குவதில்லை, நல்லதை வைத்துக்கொண்டு சரியில்லாததை மட்டும்தான் மாற்றுகிறார்கள் என்று விளக்கினேன். எஞ்சின் எப்படி வளர்ந்தது, சீற் எப்படி மெத்தென்று ஆனது, கதவு சாத்தும் சத்தம் எப்படிக் குறைந்தது என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

“முதலாவதில அப்பா போனவர். ராசி அதோடயே நிண்டிருந்தா, இரண்டாவதில போன சித்தப்பாவுக்கு எப்பிடி விசா கிடைச்சது? அது ஒண்டிலயிருந்து மற்றதுக்கு வருது மாமா. மூண்டாவதில இன்னும் கூட இருக்கும்.”

மாமா என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு நாளும் கேட்கிற பாடம்தான், ஆனால் அன்றைக்கு அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு, நீயும் கூட வருவியோ என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூட விடுமுறை, அம்மாவுக்குக் காலை ஷிப்ட், நான் வராமல் வேறெங்கே போவது என்றேன். என் பேச்சால் ஒரு பெரிய மனுஷனைத் திருத்திவிட்ட பெருமையோடு வெளியே வந்து, மாமா வருவார் என்று முன்னறையில் அறிவித்தேன்.

காலையில் அம்மா அவருக்குத் திருநீறு பூசிவிட்டு வேலைக்குப் போனார். மாமா பின் சீற்றின் இடது பக்கத்தில் இருந்தார், நான் அவருக்குப் பக்கத்தில். பெரியப்பா பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டு, நம்பர் பிளேட்டைத் தவிர மற்ற எல்லா ராசிகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாலாவதைக் கெதியாக முடித்துவிட்டு, இன்னும் ஒருவரும் காணாத ஐந்தாவதுக்குப் போனேன். அது வரும்போது நான் யூனிவேர்சிட்டிக்குப் போகிற அளவுக்கு வளர்ந்திருப்பேன், மாமாதான் என்னைக் கொண்டுபோய் விடவேண்டும், பெரியப்பாவைப் போல விலை இறங்குமட்டும் பார்த்துக்கொண்டிராமல் அவர் புத்தம் புதிதாகவே வாங்கவேண்டும் என்று ஒழுங்குபடுத்தினேன். பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் சுட்டிருக்கும்.

கட்டிடம் வந்தது. வாசலில் அப்போதே வரிசை நின்றது. பெரியப்பா ஓரமாக நிறுத்தினார். மாமா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டு அப்படியே இருந்தார். பெரியப்பா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ முக்கியமான ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

“மாமா, அஞ்சாவத என்ன கலரில வாங்குவீங்கள்?”

பெரியப்பா என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் விடுவேனா? கலரை முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கம்பனிக்காரர் எடுத்து வைப்பார்கள் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கட்டிடத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, கறுப்பு என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

காரை ஒரு பக்கத் தெருவில் விட்டுவிட்டு, வாசல் தெரிகிற இடத்தில் ஒரு பெஞ்சில் இருந்தோம். ட்ராம்கள் வந்தன, போயின. பெரியம்மா கட்டித் தந்த மீன் ரோல்ஸ் முழுவதையும் நானே தின்றேன், பெரியப்பாவுக்குப் பசிக்கவில்லையாம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, வாசலில் கண் வைத்தபடி, நான் சொல்வதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார். மாமா எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டேன். வருவார் என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். அதற்கும் ஓம் என்றார்.

பின்னேரமாகி, வாசலில் ஆட்கள் குறைந்த பிறகு மாமா வந்தார். போன வாசலாலேயே வந்தார். பெரியப்பா எழும்பினார், ஆனால் நடக்கவில்லை, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தெருவைக் கடந்து நேரே என்னிடம் வந்தார்.

“கறுப்பு வேண்டாம் பிள்ளை. வெள்ளை வாங்குவம்.”

பெரியப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். மாமாவின் விஷயத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம், இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள். விசா கைக்கு வர அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. எனக்கு வெள்ளைதான் பிரச்சினை. திரும்பும்போது மாமா முன் சீற்றில் ஏறிக்கொண்டார். லண்டன் மழைக்கும் சேற்றுக்கும் வெள்ளைக் கார் சரிவரவே வராது, கிழமைக்குக் கிழமை கழுவவேண்டும், கழுவுகிற மனுஷன் யார் என்று தோர்ண்டன் ஹீத் வருமட்டும் வாதாடினேன். முன்னுக்கு இருந்த இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். எனக்குச் சரியான கோபம் வந்தது. இவ்வளவு நியாயமாகக் கதைக்கிறேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றிரவு மாமாவோடு கதைக்காமலே போய்ப் படுத்தேன்.

காலையிலிருந்து பின்னேரம்வரை அந்தக் கட்டிடத்துக்குள் இருந்த மனுஷனுக்குக் கலரை மாற்ற எப்படி நேரம் கிடைத்தது என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவரிடம் விசா கிடைத்தால், அனுப்பாமல் விட்டால் என்றே கதைத்து வந்தார்கள் என்பதும், நீங்கள் வாங்குவீங்கள், நீங்கள் கொண்டுபோய் விடுவீங்கள் என்று ஒருவர் அவருக்குச் சொல்லி வருஷங்களாகிவிட்டன என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளையில் அழுக்கு கெதியாகத் தெரியும் என்பதுதான்.